லேங்கர்ஹான்ஸ் செல்: அமிலத்தால் கழுவிய பின்னும் ஒளி போகவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அவற்றின் ஒளியை அளக்கும் முறை) அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை.

மனித மேல்தோலிலுள்ள நோயெதிர்ப்பு செல்களான லேங்கர்ஹான்ஸ் செல்கள் தம் மேற்பரப்பிலுள்ள லேங்கரின் புரதத்தை எவ்வளவு வேகமாக உள்ளிழுக்கின்றன என்று அளக்கிறேன். எச்ஐவி கிருமியைப் பிடித்து, செல்லுக்குள் இருக்கும் டென்னிஸ் மட்டை வடிவப் பர்பெக் துகள்களுக்குள் கொண்டுபோய்ச் சிதைக்க உதவும் புரதம் இது; அதனால்தான் இந்த அளவீடு சரியாக வரவேண்டும் என்று இத்தனை பாடுபடுகிறேன்.

4 டிகிரியில் லேங்கரினைப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் ஆன்டிபாடியை (எதிர்ப்புரதம்) செல்களில் ஒட்டவைத்து, 37 டிகிரிக்கு மாற்றி, அவ்வப்போது எடுத்து ஐஸில் வைக்கிறேன். பிறகு பிஎச் 2.5 கிளைசின் கரைசலால் கழுவினால் வெளியே ஒட்டியது போய், உள்ளே போனது மட்டும் மிஞ்ச வேண்டும். ஆனால் குளிரைவிட்டே வெளியே எடுக்காத செல்களிலும் கழுவிய பின் கணிசமான ஒளி நிற்கிறது! குளிரில் உள்ளிழுத்தல் நடக்காதே. கழுவும் நேரத்தைக் கூட்டினால் செல்கள் செத்துப்போகின்றன.

அமிலத்தைக் கைவிட்டு, வெளியே எஞ்சியிருப்பதை மட்டும் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடிக்கு மாறலாமா? இன்னொரு சந்தேகம் என்னை அரிக்கிறது. முழு ஆன்டிபாடிக்கு இரு பிடிப்பு முனைகள் உண்டு. அது லேங்கரின்களை ஒன்றோடொன்று பிணைத்து, தானே உள்ளிழுத்தலைத் தூண்டிவிட்டால், நான் அளப்பது செல்லின் இயல்பான வேகமே அல்ல. ஆன்டிபாடியின் ஒற்றை முனையுள்ள ஃபேப் துண்டைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், வேகத்தில் வித்தியாசம் தெரிந்ததா என்று அவசியம் எழுதுங்கள். தோலிலிருந்து செல்களைப் பிரிக்க எந்த நொதியைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.