பெயிண்ட் யுவர் வேகன் (1969): பாடத் தெரியாதவர்களை வைத்து ஏன் இசைப்படம் எடுத்தார்கள்?

நந்தினி:
நேற்று இரவு இந்தப் படத்தைப் பாதி வரை பார்த்துவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். கிளின்ட் ஈஸ்ட்வுட் காட்டுக்குள் நடந்துகொண்டே மெல்லிய குரலில் பாடுகிறார். லீ மார்வினுக்கு அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று வருகிறது, அது பாட்டா பேச்சா என்றே தெரியவில்லை. சுமார் 2 கோடி டாலர் செலவழித்தவர்கள் நல்ல பாடகர்களைப் பின்னணி பாட வைத்திருக்கலாமே? நமக்கு அதுதானே பழக்கம். மீதியைப் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

சேகர்:
1965-இல் தி சவுண்ட் ஆஃப் மியூசிக் அள்ளிய வசூலைப் பார்த்து ஸ்டுடியோக்கள் எல்லாம் பெரிய இசைப்படங்களில் பணத்தைப் போட்டன. பாரமவுண்ட் போட்டது இதில். மூலம் 1951-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வந்த இசைநாடகம். ஆலன் ஜே லெர்னர் எழுத்து, ஃபிரெடரிக் லோவ் இசை. படத்துக்காகக் கதையை ஏறக்குறைய முழுசாக மாற்றிவிட்டார்கள். மார்வின் அதற்குள் ஆஸ்கார் வாங்கியிருந்தார், ஈஸ்ட்வுட்டுக்கு இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்கள் பெயர் வாங்கித் தந்திருந்தன. டிக்கெட் விற்கிற முகம் வேண்டும், அதனால் இவர்கள்.

மரவேலை:
நந்தினி, தயவுசெய்து மீதியையும் பாருங்கள். நான் சினிமாவுக்கு செட் போடுகிற வேலையில் இருப்பவன். இந்தப் படத்தில் எனக்குப் பாட்டைவிட அந்த ஊர்தான் பெரிது.

கதை தங்கம் தேடி ஆட்கள் ஓடிவந்த காலத்துக் கலிஃபோர்னியாவில் நடக்கிறது, ஆனால் படப்பிடிப்பு ஆரிகன் மாநிலத்தின் கிழக்கே, பேக்கர் நகரத்துக்கு அப்பால் மலைக்காட்டில். தயாரிப்பு வடிவமைப்பு ஜான் டிரஸ்காட். ஆரம்பத்தில் வண்டி உருண்டு செத்தவனுக்குக் குழி வெட்டுகிறார்களே, குழியிலேயே தங்கம் மின்ன, பிணத்தை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு இடம் பிடிக்கிறார்களே, அப்போது அங்கே காடும் ஓடையும்தான். பிறகு கூடாரத்துணியும் சேறும். கோச்சு வண்டியில் போன பிரெஞ்சுப் பெண்களை வழிமறித்துக் கொண்டுவந்த பிறகு சாராயக்கடை, சூதாட்ட விடுதி, தெரு என்று ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. ஒரே தெருவைப் பல பருவங்களில் காட்டுவதற்கு எவ்வளவு மரம், எத்தனை ஆள் வேண்டும் என்று எனக்குத் தெரியும். பணம் எங்கே போனது என்று யாராவது கேட்டால் அந்தத் தெருவைத்தான் காட்டுவேன்.

நீங்கள் இன்னும் பார்க்காத பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் கால முகாம்களில் காசுக்குப் பதில் பொன்தூள். பையிலிருந்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு டாலர் கணக்கு. குடித்தவன் கை சிந்தும், சிந்தியது தரைப்பலகை இடுக்கு வழியே கீழே இறங்கும். மார்வினும் கூட்டாளிகளும் ஊருக்கு அடியில் சுரங்கம் வெட்டிக்கொண்டு போய், சாராயக்கடைத் தரைக்குக் கீழே நின்று அந்தத் தூளைச் சேர்க்கிறார்கள். மேலே பூட்ஸ் சத்தம், கீழே இருட்டில் இவர்கள். பேராசை எப்படி வேலை செய்யும் என்பதை வசனமே இல்லாமல் ஒரு தரைப்பலகையை வைத்துச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் காளைக்கும் கரடிக்கும் நடக்கிற சண்டையில் காளை மிரண்டு சுரங்கத்துக்குள் விழுந்து முட்டுக்கட்டைகளை இடித்துத் தள்ள, ஊர் ஒவ்வொரு கட்டடமாக இறங்குகிறது. கணினியில் வரைகிற காலம் இல்லை அது. ஒரு வீட்டைக் கட்டிவிடலாம். சொன்ன நொடியில், சொன்ன பக்கம், நடிகர் மேல் படாமல் சாய்கிற மாதிரி கட்டுவது பல மடங்கு கஷ்டம். எங்கே அறுத்து வைப்பது, எந்த உத்தரத்தைக் கடைசியில் விடுவது என்று முன்னமே தீர்மானிக்க வேண்டும். அந்தக் காட்சியை எத்தனை தடவை போட்டாலும் நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

குரலுக்கு வருகிறேன். 1848-இல் சட்டர் மரஆலையில் தங்கம் கிடைத்த பிறகு சில வருடங்களில் சுமார் 3 லட்சம் பேர் கலிஃபோர்னியாவுக்கு வந்தார்கள். 1850 கணக்கெடுப்பில் பத்துக்கு ஒருவர்கூடப் பெண் இல்லை. படத்தில் ஒரு மனைவியை ஏலம் விடுவதும், அவள் பிறகு இரண்டு புருஷன் வைத்துக்கொள்வதும் அந்தப் பஞ்சத்திலிருந்து பிறந்த கற்பனை. அப்படிப்பட்ட முகாமில், மழையில், சேற்றில் கால் புதையப் புதைய நடக்கிற ஒரு கிழட்டுக் குடிகாரனுக்குப் பயிற்சி எடுத்த குரலை வைத்தால் ஒட்டவே ஒட்டாது. வாண்டரிங் ஸ்டார் பாட்டில் மார்வின் சுருதியை எட்டிப் பிடிக்கப் பார்ப்பதே இல்லை, கீழேயே கிடக்கிறார். ஊர் ஊராகப் போய்க் களைத்தவன் குரல் அது. 1970 மார்ச்சில் பிரிட்டனில் அந்தப் பாட்டுதான் முதலிடம், பீட்டில்ஸின் லெட் இட் பி இரண்டாம் இடத்தில் நின்றது.

கயல்:
மார்வின் பாட்டு சரி. ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, நடுவில் ஒரே சமாசாரத்தைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஹார்வ் பிரெஸ்னல் காற்றைப் பற்றிப் பாடுகிற பாட்டு. அவர் நிஜமான பாடகர், வித்தியாசம் உடனே தெரிகிறது.

மரவேலை:
இழுவை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அந்த விவசாயக் குடும்பம் வருகிற பகுதியை நான் வெட்டியிருப்பேன். பிரெஸ்னல் பாட்டு அருமை, அவர் சூதாட்டக்காரனாக வருவதால் மெருகு பொருந்துகிறது. நந்தினி கேட்ட பின்னணிக் குரலும் படத்திலேயே இருக்கிறது. ஏலத்தில் வந்த மனைவியாக நடித்த ஜீன் சீபர்குக்கு அனிதா கோர்டன் பாடியிருக்கிறார். இனிமையான குரல்தான். ஆனால் அந்தப் பாட்டு ஓடுகிற நேரம் மட்டும் அந்தப் பெண் சேற்றிலிருந்து எழுந்து வேறெங்கோ போய்விடுகிறாள். ஈஸ்ட்வுட் குரல் சன்னமாக இருந்தாலும் அவர் அந்த மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறார்.

நந்தினி:
சரி, தரைப்பலகைக்காகவாவது சனிக்கிழமை முடித்துவிடுகிறேன். வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான், கூட உட்காரலாமா?

மரவேலை:
முழுப் படம் வேண்டாம். ஏலம், விடுதிப் பெண்கள் எல்லாம் அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். காளை சுரங்கத்தில் விழும் இடத்திலிருந்து கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒலியை நன்றாக வைத்துப் பாருங்கள், மரம் முறிகிற சத்தம் கேட்க வேண்டும்.