அவசரம்: மாட்டு வேகனுக்குள் மாடு நுழையவில்லை

புதுத்தண்டவாளம் — செவ்வாய், இரவு 11.40
அனைவருக்கும் வணக்கம். மாடுகளை ஏற்றிச்செல்லும் அமெரிக்காவின் பழைய ரயில் வேகனுக்குச் சிறு மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மரத்துண்டுகளாக வெட்டி வந்த தொகுப்பு. ஒரு பக்கச் சுவரை ஒட்டிவிட்டேன். பொம்மை மாட்டை உள்ளே வைத்தால் முதுகு இடிக்கிறது. சனிக்கிழமை மகளின் பள்ளியில் கண்காட்சி. அவள் "மாட்டு ரயில்" என்று அட்டையில் எழுதி வண்ணமும் தீட்டிவிட்டாள். மாட்டின் காலை அறுப்பதா, வேகனை உயர்த்துவதா? படம் இணைத்திருக்கிறேன்.

தூத்துக்குடி_லோகோ — செவ்வாய், இரவு 11.52
படம் வரவில்லை. என்ன ஸ்கேல்? எந்த ரயில்வே? மாடு தொகுப்போடு வந்ததா, தனியாக வாங்கியதா?

கோவைத்தச்சன் — புதன், காலை 6.10
தம்பி, இது ஸ்கேல் குழப்பம்தான். வேகன் ஹெச்ஓ, அதாவது நிஜ அளவில் 87இல் ஒரு பங்கு. மாடு பிரிட்டிஷ் ஓஓ, அதாவது 76இல் ஒரு பங்கு. அதனால் மாடு ஏழில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். நானும் ஒருமுறை இப்படி வாங்கி ஏமாந்தேன். காலை அறுக்க வேண்டாம், மாட்டை மாற்றுங்கள்.

கரிப்புகை — புதன், காலை 7.35
அது லாங்ஹார்ன் மாடா என்று முதலில் பாருங்கள். 1867இல் கன்சாஸ் மாநிலத்தின் அபிலீனிலிருந்து ரயிலேற்றத் தொடங்கினார்களே, டெக்சஸிலிருந்து ஓட்டி வந்த மாடுகள், அந்த இனம். ஆளுயரத்துக்கும் மேல் விரிந்த கொம்பு. கதவில் அதன் தலையைத் திருப்பித் திருப்பித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. உங்களுக்கும் கொம்புதான் இடிக்கிறது என்பேன்.

தூத்துக்குடி_லோகோ — புதன், காலை 7.50
அவர் முதுகு இடிக்கிறது என்கிறார், அண்ணா. கொம்பு என்று சொல்லவே இல்லை.

புதுத்தண்டவாளம் — புதன், மதியம் 1.15
அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன். ஸ்கேல் தெரியாது, அட்டைப்பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டோம். வேகன் நீளம் 140 மி.மீ., மாட்டின் உயரம் 16 மி.மீ. கொம்பு இல்லை.

நிலைய_மேற்பார்வை — புதன், மதியம் 2.05
கேள்வி கேட்பவர் அளவு தர மாட்டார், பதில் சொல்பவர் கணக்குப் போட மாட்டார். 140ஐ 87ஆல் பெருக்கினால் 12,180 மி.மீ., அதாவது 40 அடி. அமெரிக்கக் கால்நடை வேகன்களில் 36 அடியும் 40 அடியும் மிகச் சாதாரணம். 16ஐ 87ஆல் பெருக்கினால் 1.4 மீட்டர். தோள்பட்டை வரை அளந்தால் வளர்ந்த மாடு அவ்வளவுதான் இருக்கும். மாடும் சரி, வேகனும் சரி. ஓஓ கதையைப் பரணில் போடலாம். புதுத்தண்டவாளம் அவர்களே, தரையிலிருந்து மேலே எவ்வளவு இடைவெளி?

கோவைத்தச்சன் — புதன், மதியம் 2.20
நீளம் தெரிவதற்கு முன் சொன்ன யோசனை அது. இவ்வளவு காரம் வேண்டாம், ஐயா.

புதுத்தண்டவாளம் — புதன், மாலை 6.40
13 மி.மீ. நடுவில் வேகன் வளையாமல் இருக்க ஒரு தாங்குபலகை வருகிறதே, அதுவரைக்கும். அதை வெட்டிவிடலாமா?

நிலைய_மேற்பார்வை — புதன், மாலை 6.48
இதைத்தானே முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்! அது தாங்குபலகை இல்லை. அது மாடி. உங்களிடம் இருப்பது ஆட்டுக்கும் பன்றிக்கும் ஆன இரண்டடுக்கு வேகன். 13 மி.மீ. என்றால் நிஜத்தில் நான்கடிக்கும் குறைவு. ஆடு தாராளமாக நிற்கும், மாடு எப்படி நிற்கும்? மாட்டுக்கும் குதிரைக்கும் ஒற்றைத் தளம். ஆட்டை அந்த உயரத்தில் ஒரே தளமாக ஏற்றினால் தலைக்கு மேல் பாதி வேகன் வெறும் காற்று, அதற்கும் சேர்த்துக் கட்டணம். அதனால்தான் நடுவில் இன்னொரு தரை.

தூத்துக்குடி_லோகோ — புதன், இரவு 7.15
இரண்டடுக்கு வேகனில் கீழ்ப்பக்க ரீப்பர்களை நெருக்கமாக அடிப்பார்கள், ஆட்டின் கால் வெளியே நழுவாமல் இருக்க. மேல்தளம் தொடங்கும் உயரத்திலும் அதே நெருக்கம் மீண்டும் வரும். வெளியிலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் சுவரில் அப்படி இருக்கிறதா? இன்னொன்று, சுவரின் சாய்வுச் சட்டங்கள் எந்தப் பக்கம் வருமாறு ஒட்டினீர்கள்?

புதுத்தண்டவாளம் — புதன், இரவு 9.30
நெருக்கம் இரண்டு இடத்தில் இருக்கிறது, அண்ணா. அச்சுப்பிழை என்று நினைத்தேன். சட்டங்களை உள்பக்கம் வைத்து ஒட்டினேன். வெளியே ரீப்பர் மட்டும் தெரிந்தால் வீட்டு வேலி போல அழகாக இருந்தது.

கோவைத்தச்சன் — புதன், இரவு 9.41
தம்பி, இப்போது தச்சுக்காரன் பேசுகிறேன், கேளுங்கள். சுவரைத் திருப்பிப்போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். அந்த வேகன்களில் பெரும்பாலும் தூணும் சாய்வுச் சட்டமும் வெளியே, ரீப்பர் உள்ளே. ஓடும் வண்டியில் மாடு சுவர்மேல் சாயும். ரீப்பர் உள்பக்கம் இருந்தால் அந்தப் பாரம் பலகையைத் தூணோடு சேர்த்து அழுத்தும். வெளியே இருந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். ரீப்பர் உள்ளே இருந்தால் மாட்டின் விலா எலும்பில் தூணின் விளிம்பும் குத்தாது. மாட்டுக்கொட்டகை அடைத்தவனுக்கு இது விளங்கும்.

நிலைய_மேற்பார்வை — புதன், இரவு 9.50
இதில் தச்சர் சொல்வது சரி.

கரிப்புகை — வியாழன், காலை 8.00
வண்ணம் தீட்டும்போது கீழ்ப்பாதியை வெள்ளையாக்க மறக்காதீர்கள். பழைய படங்களில் முழங்கால் உயரத்துக்கு வெளுத்திருக்கும்.

மரத்தூள் — வியாழன், காலை 8.25
அது வெயிலில் வெளுத்த சாயம். யாரும் தனியாக வெள்ளை அடிக்கவில்லை.

கரிப்புகை — வியாழன், காலை 8.31
வெயில் கீழ்ப்பாதியில் மட்டுமா அடிக்கும்? அது சுண்ணாம்பு. நோய் பரவாமல் இருக்க, சாணத்தை வழித்த பிறகு உள்ளே சுண்ணாம்புக் கரைசலைத் தெளிப்பார்கள். ரீப்பர் சந்து வழியாக அது வெளியே வழிந்து காயும். அதனால் நேர்கோடாகத் தீட்டக்கூடாது, ஒழுகின மாதிரி வர வேண்டும்.

மரத்தூள் — வியாழன், காலை 8.44
இருக்கட்டும். ஆனால் அந்தச் சந்து காற்றுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். விழுந்த மாட்டை மற்றவை மிதித்துக் கொன்றுவிடும். அதை எழுப்ப, உடன் வரும் ஆள் வெளியில் நின்று நீளக் கழியை அந்தச் சந்தில் விட்டுக் குத்துவார். மாடு மேய்ப்பவரைக் குறிக்கும் கௌபோக் என்ற ஆங்கிலச் சொல்லே மாட்டை இப்படிக் கழியால் குத்தியவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்கச் சட்டப்படி 28 மணி நேரத்துக்கு ஒருமுறை மாட்டை இறக்கித் தண்ணீரும் தீவனமும் காட்டி, ஐந்து மணி நேரமாவது இளைப்பாற விட வேண்டும். 1873இல் வந்த சட்டம்.

கரிப்புகை — வியாழன், காலை 9.02
எல்லா வேகனிலும் இறக்க வேண்டியதில்லை. வேகனுக்குள்ளேயே தீனித்தொட்டி, தண்ணீர்த்தொட்டி வைத்தவை இருந்தனவே. மாத்தர் வேகன் கேள்விப்பட்டதில்லையா?

மரத்தூள் — வியாழன், காலை 9.10
சட்டம் என்றால் சட்டம். இறக்கித்தான் ஆக வேண்டும்.

நிலைய_மேற்பார்வை — வியாழன், காலை 10.20
இருவரும் பாதியைப் படித்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். 1873 சட்டத்தை 1906இல் புதிதாக எழுதினார்கள். உரிமையாளர் எழுத்தில் கேட்டால் 28 மணி 36 ஆகும். உள்ளேயே தீனி, தண்ணீர், படுத்து இளைப்பாற இடம் இருந்தால் இறக்க வேண்டாம் என்ற விலக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. அலான்சோ மாத்தர் சிகாகோவில் துணி வியாபாரி. ரயிலில் போகும்போது மாடுகள் படும் பாட்டைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தார். அமெரிக்க மனிதநேய அமைப்பு 1883இல் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. ஆனால் படுக்க இடம் விட்டால் ஏற்றும் மாடு குறையும். கட்டணம் கொடுப்பவன் அதை எங்கே ஒப்புவான்? அதனால் பெரும்பாலும் இறக்கித்தான் தீனி போட்டார்கள்.

மரத்தூள் — வியாழன், காலை 10.33
அப்படியானால் நான் சொன்னதுதான் பெரும்பாலும் சரி.

கரிப்புகை — வியாழன், காலை 10.35
"பெரும்பாலும்" என்ற சொல் இப்போதுதான் உங்கள் வாயிலிருந்து வருகிறது.

தூத்துக்குடி_லோகோ — வியாழன், மதியம் 12.05
கேட்டவரைக் காணோம். ஐயா, பன்றி வைப்பதாக இருந்தால் ஒன்று. அதற்கு வியர்க்காது, வெயிலில் சுருண்டுவிடும். வழியில் நிறுத்தித் தண்ணீர் பீய்ச்சுவார்கள். ஒரு தண்ணீர்க்குழாயும் ஈரத்தரையும் செய்தால் கண்காட்சியில் நன்றாக இருக்கும். மாடுதான் வேண்டும் என்றால் மாடியை எடுத்துவிடலாம். கழற்றக்கூடிய மாடி வைத்த வேகன்களும் ஓடியிருக்கின்றன. சுவரில் நெருக்கமான ரீப்பர் மட்டும் அப்படியே தெரியும், யாரும் கேட்கப்போவதில்லை.

நிலைய_மேற்பார்வை — வியாழன், மதியம் 12.30
நான் வந்தால் கேட்பேன்.

புதுத்தண்டவாளம் — சனி, இரவு 10.15
மன்னிக்கவும், பார்க்கவே நேரமில்லை. சுவரைப் பிய்த்துத் திருப்பி ஒட்டினேன், இரண்டு ரீப்பர் உடைந்தது. மாடியை எடுக்கவில்லை. கடையில் 9 மி.மீ. ஆடு கிடைத்தது, பதினெட்டு வைத்தேன், நுழைந்துவிட்டன. மகள் அட்டையில் "மாட்டு" என்பதை அடித்து "ஆட்டு" என்று எழுதினாள். சுண்ணாம்பு வைத்த இடத்தைப் பார்த்து ஒரு ஆசிரியர் பால் கொட்டிவிட்டதா என்று கேட்டார். நன்றி.

கோவைத்தச்சன் — சனி, இரவு 10.40
நல்லது தம்பி. உடைந்த இரண்டை மாற்ற வேண்டாம். நிஜ வேகனிலும் உடைந்தே இருக்கும்.

தூத்துக்குடி_லோகோ — சனி, இரவு 10.52
எந்த ரயில்வே என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?