பிஎஸ்ஏ டெஸ்ட் வருஷா வருஷம் எடுக்கணுமா?

மொட்டைமாடி:
எனக்கு 52. செக்கப்ல பிஎஸ்ஏவும் (ஆம்பளைங்களுக்கு யூரின் பைக்கு கீழ இருக்கற ப்ராஸ்டேட் சுரப்பில கேன்சர் இருக்குமானு பாக்கற ரத்த டெஸ்ட்) சேத்து எடுத்தாங்க, 0.9னு வந்துச்சு. லேப்ல வருஷா வருஷம் வந்துடுங்க சார்ங்கறாங்க, ஆபீஸ்ல ஒருத்தர் 60 தாண்டி பாத்துக்கலாம்ங்கறார். யூரின் போறதுல ஒரு தொந்தரவும் இல்ல. அப்பாவுக்கு 63ல ப்ராஸ்டேட் ஆபரேஷன் நடந்துச்சு, கேன்சரா சும்மா வீக்கமானு வீட்ல யாருக்கும் தெரியல. எத்தன வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கறது?

ராத்திரிடூட்டி:
யூராலஜி வார்டுல நர்ஸா இருக்கேன் சார். எல்லாருக்கும் வருஷா வருஷம் தேவையில்ல, அடுத்தது எப்பங்கறத போன ரிசல்ட்தான் சொல்லும். அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி கணக்குல 2.5க்கு கீழன்னா 2 வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேலன்னா வருஷம் ஒருக்கா. அங்க யூராலஜி டாக்டர்ங்க சங்கம் 2023ல சொன்னது 50லேர்ந்து 69 வரைக்கும் 2 - 4 வருஷம். ஆனா அப்பாவோ அண்ணன் தம்பியோ 65க்கு முன்னாடி ப்ராஸ்டேட் கேன்சர் வந்தவங்கன்னா 45லயே ஆரம்பிக்கணும், அதனால அப்பாவோட பழைய பைல்ல பயாப்சி (சதைய துளி எடுத்து கேன்சரானு பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட் இருக்கானு மொதல்ல தேடுங்க. தொந்தரவு இல்லங்கறத நம்பாதீங்க, ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாது.

சைக்கிள்காரன்:
நம்பர பாத்து பயந்துடாதீங்கனு சொல்லத்தான் வந்தேன். எனக்கு போன வருஷம் 6.8, ஒரு மாசம் தூக்கமே இல்ல, பொண்டாட்டிகிட்ட கூட சொல்லல, அப்பறம் பாத்தா அந்த வாரம் யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்துருக்கு எரிச்சல் இருந்தும் நான்தான் கண்டுக்கல. மாத்திர முடிச்சு 2 மாசம் கழிச்சு எடுத்தா 1.9. டெஸ்டுக்கு 2 நாள் முன்னாடி சைக்கிள், செக்ஸ் ரெண்டும் வேணாம்னார் டாக்டர்.

பழையபேட்டரி:
எனக்கு 74, நான் நிறுத்திட்டேன். அமெரிக்காவுல அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற குழு 2012ல இந்த டெஸ்டே யாருக்கும் வேணாம்னாங்க, 2018ல மாத்தி 55 - 69 டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, 70க்கு மேல வேணாம்னு சொல்லிட்டாங்க. மெதுவா வளர்ற கட்டிய தேடிப்புடிச்சு வெட்டி, அதுக்கப்பறம் யூரின் அடக்க முடியாம திண்டாடுனவங்கள பாத்துருக்கேன் தம்பி.

ராத்திரிடூட்டி:
ஐயா சொல்றது சரிதான், ஆனா இப்பல்லாம் பிஎஸ்ஏ ஏறினா உடனே ஊசி குத்தி சதை எடுக்கறதில்ல, திரும்ப டெஸ்ட், அப்பறம் எம்ஆர்ஐ, அப்பறம்தான் பயாப்சி. லோ ரிஸ்க்னா வெட்டாம கண்காணிப்புலயே வெப்பாங்க. மொட்டைமாடி சார், முடிக்கு ஏதாவது மாத்திர சாப்பிடறீங்களா?

மொட்டைமாடி:
ஃபினஸ்டரைட், 3 வருஷமா. செக்கப்ல யாரும் கேக்கவே இல்லயே. ஏன்?

ராத்திரிடூட்டி:
அது பிஎஸ்ஏவ பாதியா காட்டும் சார், முடிக்கு குடுக்கற 1 மில்லிகிராம் கூட. உங்க 0.9அ 1.8னு வெச்சுக்கங்க. இன்னும் 2.5க்கு கீழதான், பதற வேணாம். ஆனா அடுத்த தடவ மாத்திர பேர சீட்டுல எழுத சொல்லுங்க.

மொட்டைமாடி:
அப்பாவோட பைல் கெடச்சுது, பயாப்சில கேன்சர் இல்ல, வீக்கம்தான்னு போட்டுருக்கு. 2 வருஷம் கழிச்சு போன்ல ரிமைண்டர் போட்டுட்டேன், மாத்திர பேரோட.