மைஎஸ்க்யூஎல்செக் ஓட்டியும் அட்டவணை சரியாகவில்லை: அவசர உதவி தேவை

தரவாளன்:
வணக்கம். மின்சாரம் தடைபட்டதால் சர்வர் திடீரென நின்றுவிட்டது. மீண்டும் இயக்கியதிலிருந்து ஒரு முக்கியமான அட்டவணையைத் திறந்தாலே அது சேதமடைந்துள்ளதாகப் பிழை வருகிறது. எல்லாத் தரவுத்தளங்களுக்குமாக, மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளின் அட்டவணைச் சோதிப்புக் கருவியான மைஎஸ்க்யூஎல்செக் கட்டளையை ரிப்பேர் (சரிசெய்தல்) விருப்பத்துடன் ஓட்டினேன். பல அட்டவணைகளுக்கு ‘ரிப்பேர் வசதி இல்லை’ என்ற பொருளில் ஒரு குறிப்பு வந்தது. சரியாக வேண்டிய அட்டவணை மட்டும் அப்படியே இருக்கிறது. பயனர்கள் காத்திருப்பதால் உடனடித் தீர்வு இருந்தால் சொல்லுங்கள்.

கவனி:
நண்பரே, எந்தப் பதிப்பு, அந்த அட்டவணையின் ஸ்டோரேஜ் எஞ்சின் (தரவைச் சேமித்துப் படிக்கும் உட்பகுதி) எது, கோப்பு எவ்வளவு பெரியது, வட்டில் எவ்வளவு இடம் மீதமுள்ளது என்ற நான்கும் தெரியாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைச்செய்தியையும் உங்கள் சொற்களில் சொல்லாமல் திரையில் வந்தபடியே இடுங்கள். பிழை எண் 145 என்றால் அட்டவணை சேதமடைந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது என்று பொருள். 144 என்றால் அதோடு கடைசியாகச் செய்த ரிப்பேரும் தோற்றுவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் வழி வேறு.

வட்டுநோக்கி:
மின்தடைக்குப் பிறகு வருகிற சேதங்களில் பெரும்பாலானவற்றுக்கு வட்டுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அட்டவணையைத் தொடுவதற்கு முன் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவுகளில் படித்தல், எழுதுதல் பிழைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழுதான வட்டின்மேல் ரிப்பேர் ஓட்டினால் மீதமிருப்பதும் போய்விடும்.

முதுநிலை:
ஆவணத்தைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மைஎஸ்க்யூஎல்செக் தானாக எதையும் சரிசெய்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு செக் டேபிள், ரிப்பேர் டேபிள் ஆகிய கட்டளைகளை அனுப்பிவைக்கும் கருவி மட்டுமே அது. ரிப்பேர் டேபிள் மைஐசாம், ஆர்க்கைவ், சிஎஸ்வி ஆகிய எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும். 5.5ஆம் பதிப்பிலிருந்து இன்னோடிபியே இயல்பான எஞ்சின் என்பதால், உங்களுக்கு அந்தக் குறிப்பு பல அட்டவணைகளுக்கும் வந்ததில் வியப்பில்லை. அது பிழையன்று, அந்த அட்டவணைகள் கெட்டுவிட்டன என்றும் பொருளில்லை. இந்த அடிப்படைகூடத் தெரியாமல் எல்லாத் தரவுத்தளங்களுக்கும் சேர்த்து ரிப்பேர் ஓட்டுவது பொறுப்பான செயலாகாது.

நேர்வழி:
அட்டவணையின் அமைப்பை விவரிக்கும் எஃப்ஆர்எம் கோப்பைக் கொண்டு சரிசெய்யும் யூஸ்-எஃப்ஆர்எம் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். வரிசைகளை விரைந்து தேட உதவும் இண்டெக்ஸ் கோப்பின் தலைப்பகுதி கெட்டிருந்தாலும் அது புதிதாக உருவாக்கித் தந்துவிடும். எனக்கு எப்போதும் கைகொடுத்தது இதுதான்.

கவனி:
நேர்வழி அவர்களே, அது முதலில் எடுக்க வேண்டிய மருந்தல்ல. யூஸ்-எஃப்ஆர்எம் இண்டெக்ஸ் கோப்பின் தலைப்பகுதியை நம்பாமல் புறக்கணித்துவிடுகிறது. அதனால் புதிய வரிசைகளுக்குத் தானாகக் கூடும் ஆட்டோ-இன்கிரிமெண்ட் எண்ணின் தற்போதைய மதிப்பும், அழிக்கப்பட்ட வரிசைகளின் காலியிடங்களுக்கான இணைப்பும் தொலைந்துவிடும். அட்டவணை சுருக்கப்பட்டதா என்பதையும் அந்தத் தலைப்பகுதியே சொல்கிறது என்பதால், சுருக்கப்பட்ட அட்டவணையில் இதைப் பயன்படுத்தினால் தரவே மாறிப்போகலாம். இண்டெக்ஸ் கோப்பே காணாமல் போனாலோ, தலைப்பகுதி அறவே படிக்க முடியாமல் இருந்தாலோ மட்டும் இதை நாடலாம்.

தரவாளன்:
பதிப்பு 5.7, எஞ்சின் மைஐசாம், தரவுக் கோப்பு 11 ஜிபி, மீதமுள்ள இடம் 6 ஜிபி. பிழை எண் 144. மீண்டும் ரிப்பேர் ஓட்டினால், ‘டிஎம்டி’ என்று முடியும் தற்காலிகக் கோப்பைப் புதிதாக உருவாக்க முடியவில்லை என்று வருகிறது. முதல் முறை நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்ததால் சர்வரை ரீஸ்டார்ட் செய்திருந்தேன்.

கவனி:
காரணம் தெரிந்துவிட்டது. ரிப்பேர் செய்யும்போது சர்வர் பழைய தரவுக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் டிஎம்டி கோப்பில் புதிய நகலை எழுதி, இறுதியில்தான் பெயர் மாற்றிக்கொள்ளும். இடையில் ரீஸ்டார்ட் ஆனதால் அந்த அரைகுறைக் கோப்பு அங்கேயே தங்கி, அடுத்த முயற்சியைத் தடுக்கிறது. வட்டில் இடத்தையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து அந்த அட்டவணையில் வேறெந்த வினவலையும் ஓட்ட வேண்டாம். ரிப்பேர் நடுவில் சர்வர் நின்றுபோனால், வேறெதுவும் செய்வதற்கு முன் மீண்டும் ரிப்பேர் ஓட்டியாக வேண்டும். ஏனென்றால் தரவைப் பற்றிய விவரமே இல்லாத வெற்று இண்டெக்ஸ் உருவாகியிருக்கக்கூடும்; அடுத்து எழுதும் ஒரு செயல் பழைய தரவின்மேலேயே எழுதிவிடும்.

முதுநிலை:
நெடுநேரம் ஓடியதற்கும் காரணம் உண்டு. சர்வரில் நடக்கும் வேலைகளைக் காட்டும் ஷோ பிராசஸ்லிஸ்ட் கட்டளையைக் கொடுத்திருந்தால் ‘ரிப்பேர் பை சார்ட்டிங்’ என்றோ ‘ரிப்பேர் வித் கீகேச்’ என்றோ காட்டியிருக்கும். இரண்டாவதாக இருந்தால் ஒவ்வொரு கீயையும் (தேடலுக்கான மதிப்பு) தனித்தனியே இண்டெக்ஸில் செருகுவதால் பெரிய அட்டவணையில் பன்மடங்கு நேரம் பிடிக்கும். அவசரப்படாமல் பார்த்திருந்தால் நிறுத்தியிருக்கவே தேவையில்லை.

நேர்வழி:
இத்தனை சுற்று எதற்கு? டிஎம்டி கோப்பை அழித்துவிட்டு மைஐசாம் கோப்புகளை நேரடியாகச் சரிசெய்யும் மைஐசாம்செக் கருவியை ஃபோர்ஸ் விருப்பத்துடன் ஓட்டினால் போதும். சர்வரை நிறுத்தக்கூடத் தேவையில்லை. அந்த அட்டவணையை யாரும் பயன்படுத்தவில்லையே.

கவனி:
இதை மறுத்தே ஆக வேண்டும். மைஎஸ்க்யூஎல்செக் சர்வர் வழியாக வேலை செய்வதால் பூட்டுகளைச் சர்வரே கவனித்துக்கொள்கிறது. மைஐசாம்செக் நேரடியாகக் கோப்பைத் தொடுகிறது. அதே வேளையில் சர்வரும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து அட்டவணையை மேலும் சிதைத்துவிடும். ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று நாம் நினைப்பது சர்வருக்குத் தெரியாது. அது கோப்பைத் தன் கேச்சில் திறந்தே வைத்திருக்கலாம்.

நேர்வழி:
லாக் டேபிள்ஸ் கட்டளையால் அட்டவணையைப் பூட்டி, ஃபிளஷ் செய்துவிட்டு (திறந்த கோப்புகளை மூடவைத்து) ஓட்டினாலும் அதே பாதுகாப்பு கிடைக்கும். சர்வரை நிறுத்தினால் மற்ற அட்டவணைகளைப் பயன்படுத்துவோரும் பாதிக்கப்படுவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கவனி:
அந்த முறை சரியானதுதான், ஆனால் பூட்டைப் போட்ட இணைப்பு வேலை முடியும்வரை அறுந்துவிடக் கூடாது. பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த நிபந்தனையோடு வழி சொல்வதைவிட, சர்வரை முறைப்படி நிறுத்தச் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

தரவாளன், வரிசை இதுதான். சர்வரை நிறுத்துங்கள். அந்த அட்டவணையின் எல்லாக் கோப்புகளையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, நகல் முழுமையாக வந்ததா என்று பாருங்கள். டிஎம்டி கோப்பை அழிக்காமல் அந்த வட்டுக்கே நகர்த்துங்கள். பிறகு மைஎஸ்க்யூஎல் பயனராகவே மைஐசாம்செக்கை ரெகவர், குயிக் ஆகிய இரண்டு விருப்பங்களுடன் முதலில் ஓட்டுங்கள். இது தரவுக் கோப்பைத் தொடாமல் இண்டெக்ஸை மட்டும் கட்டும் என்பதால் 11 ஜிபி நகலுக்கான இடம் தேவைப்படாது. வரிசைப்படுத்தும் தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் இடம் வேண்டும். அதற்கான கோப்புறையைப் பெரிய வட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அது தோற்றால் குயிக் இல்லாமல் ரெகவர், அதுவும் தோற்றால் சேஃப்-ரெகவர். கடைசி இரண்டுக்கும் தரவுக் கோப்பளவு இடம் தேவைப்படும் என்பதால் நகலை வைத்திருக்கும் பெரிய வட்டிலேயே ஓட்டுங்கள். ரூட் பயனராக ஓட்டினால் புதிய கோப்பு ரூட்டின் பெயரில் உருவாகும். பிறகு சர்வரால் அதைத் திறக்க முடியாமல் அனுமதிப் பிழை எண் 13 வரும்.

வட்டுநோக்கி:
நகலெடுக்கும்போதே படித்தல் பிழை வந்தால், நான் முன்பே சொன்னது சரி என்று கொள்ளுங்கள்.

நேர்வழி:
வேலை முடிந்ததும் இன்னோடிபிக்கு மாற்றிவிடுங்கள். மின்தடைக்குப் பிறகு தன் பதிவேட்டைக் கொண்டு தானே மீளும் எஞ்சின் இருக்கும்போது மைஐசாமில் தொடர்வதில் பொருளில்லை.

முதுநிலை:
இன்னோடிபியும் கெடும். அப்போது ரிப்பேர் கட்டளை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெட்ட பக்கத்தை (கோப்பில் தரவு சேமிக்கப்படும் ஒரு துண்டு) செக் டேபிள் சந்தித்தால், சேதம் பரவாதிருக்கச் சர்வரே நின்றுவிடும். பிறகு இன்னோடிபி-ஃபோர்ஸ்-ரெகவரி என்ற சர்வர் அமைப்பை 1இல் தொடங்கி ஒவ்வொன்றாக உயர்த்தி, தரவை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். 4உம் அதற்கு மேலும் உள்ள நிலைகள் கோப்புகளை நிரந்தரமாகச் சேதப்படுத்தக்கூடியவை. எந்த எஞ்சினானாலும் பேக்கப்புக்கு மாற்றாகாது.

நேர்வழி:
அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மின்தடைக்குப் பிறகு ஒரு மைஐசாம் அட்டவணைக்காகச் சர்வரை நிறுத்தி உட்காரும் நிலை பெரும்பாலும் நேராமல் இருப்பதே பெரிய நன்மை. உடைந்த நிலையில் மாற்ற முயலக் கூடாது என்பதை மட்டும் நானும் வலியுறுத்துகிறேன். சேதமான அட்டவணையை மாற்றும்போது படிக்க முடியாத வரிசையிலேயே வேலை நின்றுவிடும்.

தரவாளன்:
குயிக் முறையில் முடியவில்லை. கோப்புகளைப் பெரிய வட்டுக்குக் கொண்டுபோய் அங்கே ரெகவர் ஓட்டினேன், முடிந்தது. வரிசைகளின் எண்ணிக்கை மாறியுள்ளதாக ஓர் எச்சரிக்கை வந்தது. கோப்புகளைத் திரும்ப வைத்து சர்வரை இயக்கிவிட்டேன், அட்டவணை திறக்கிறது. மிக்க நன்றி.

கவனி:
மகிழ்ச்சி. ஆனால் அந்த எச்சரிக்கையைக் கடந்து போக வேண்டாம். எண்ணிக்கை எவ்வளவிலிருந்து எவ்வளவாக மாறியது? குறைந்திருந்தால், கடைசி பேக்கப்பை வேறொரு தரவுத்தளத்தில் மீட்டு, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைக் கீயை வைத்து ஒப்பிட்டு விடுபட்ட வரிசைகளைக் கண்டுபிடிக்கலாம். தரவு மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் இயங்கிக்கொண்டிருந்தால் பேக்கப்புக்குப் பிறகு வந்தவற்றையும் அதிலிருந்து எடுக்கலாம். அது முடியும்வரை, ஒதுக்கி வைத்த பழைய தரவுக் கோப்பை எக்காரணத்தாலும் அழிக்காதீர்கள். திரையில் வந்த அந்த ஒரு வரியை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வட்டுநோக்கி:
நகலெடுத்தபோது படித்தல் பிழை ஏதேனும் வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.