நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு நுரையீரல் மாற்று: தாங்குமா?

கோத்தகிரி தம்பி:
அக்காவுக்கு 34 வயது, 48 கிலோ. இரண்டு நுரையீரலிலும் பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் நோய்). மூலகாரணம் சிவிஐடி என்ற நோயெதிர்ப்புக் குறைபாடு, ரத்தத்தில் ஐஜிஜி (கிருமியை எதிர்க்கும் முக்கிய ஆன்டிபாடி) டெசிலிட்டருக்கு 290 மி.கி.தான். எஃப்இவி1 (ஒரு நொடியில் ஊதித்தள்ளும் காற்று) இயல்பில் 26 சதவீதம், வீட்டில் ஆக்சிஜன் ஓடுகிறது. மாற்று அறுவைக்குப் பதிந்துகொள்ளச் சென்னைக்குப் போகச் சொல்கிறார்கள். இருக்கிற கொஞ்ச எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும் மாத்திரை கொடுத்தால் உடம்பு தாங்குமா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா? அப்புறம் மலையிலேயே இருக்கலாமா?

மூச்சுத்துணை:
ஒரு பக்கம் போதாது தம்பி. சீழ்ச்சளி கட்டிய பழைய நுரையீரல் ஒன்று உள்ளே இருந்தால், கிருமி அங்கிருந்தே புதியதில் இறங்கும். பிராங்கியெக்டாசிஸுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றுவார்கள்.

தாங்குமா என்பது எந்தக் குறைபாடு என்பதைப் பொறுத்தது. மாற்றுக்குப் பின் தரும் அடக்கும் மாத்திரையான டாக்ரோலிமஸ் முக்கியமாக டி செல்லை (ஒருவகை வெள்ளையணு) அடக்குகிறது. சிவிஐடியில் குறைவது ஆன்டிபாடி. அதை வெளியிலிருந்து ஏற்றிவிடலாம். டி செல்லும் குறைந்திருந்தால் கணக்கே வேறு, பல மையங்கள் தயங்கும். அந்த எண்ணிக்கையை முதலில் பாருங்கள்.

அப்படி ஏற்றும் ஆன்டிபாடி மருந்தான இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 400–600 மி.கி., அதாவது அக்காவுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை 19–29 கிராம். அடுத்த டோஸுக்கு முன் எடுக்கும் ஐஜிஜி 700க்குக் கீழே போகக் கூடாது. நுரையீரல் கெட்டவர்களுக்கு 1000 வரை வைப்பதுண்டு. அறுவைக்குப் பிறகு நிறுத்தவே வேண்டாம், மற்ற நோயாளிகளுக்கே அப்போது ஐஜிஜி இறங்கும்.

நுரையீரல் மாற்றில் பொதுவாகப் பாதிப் பேர்தான் 6–7 ஆண்டைத் தாண்டுகிறார்கள். இதை அக்காவிடம் மறைக்காதீர்கள்.

லேப் மேசை:
சிஎம்வி (மாற்றுக்குப் பின் தொல்லை தரும் வைரஸ்) ஆன்டிபாடி சோதனைக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுமுன் எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். பிளாஸ்மா கொடுத்தவர்களின் ஆன்டிபாடி அந்தப் பாட்டிலிலேயே இருக்கிறது; பொய்யாகப் பாசிட்டிவ் காட்டி, தடுப்பு மருந்துத் திட்டத்தையே மாற்றிவிடும்.

சளி கல்ச்சரில் பர்க்கோல்டேரியா சீனோசெபேசியா என்ற பாக்டீரியா வந்தால் பல மையங்கள் மறுக்கும். பின்னாளில் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு சரிந்து, உடம்பு புதிய நுரையீரலைத் தாக்கும் நிராகரிப்பு வரும். பூஞ்சை மருந்து வோரிகொனசோல் கொடுத்தால் அளவு எகிறிச் சிறுநீரகம் அடிவாங்கும். யார் எழுதிக் கொடுத்தாலும் மாற்று மையத்தைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. பம்ளிமாஸும் வேண்டாம், அதுவும் அளவை ஏற்றும்.

மலைப்பாதை:
கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சென்னையில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜனில் விரலில் மாட்டும் கருவி 94 சதவீதம் காட்டினால், அதே 2 லிட்டர் மேலே போதாது. மலையில் வைத்துத் தனியாக அளந்து லிட்டரை முடிவு செய்யுங்கள்.

தானமாக வரும் நுரையீரலை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் 6 மணி நேரத்துக்குள் பொருத்தப் பார்ப்பார்கள். கோத்தகிரியிலிருந்து கிளம்பினால் எட்டாது. காத்திருக்கும்போதே சென்னையில் வீடு பிடியுங்கள்.

திரும்பி வரலாம். நன்றாக வேலை செய்யும் புதிய நுரையீரலுக்கு இந்த உயரம் பெரிதல்ல, பூஞ்சைதான் எதிரி. காளான் குடில், மட்கிய எரு, மழைக்கால ஈரச்சுவர் ஆகியவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ். யூகலிப்டஸ் பட்டைத்தூளிலும் புறா எச்சத்திலும் கிரிப்டோகாக்கஸ். விறகு பிளக்கும் இடத்தில் அக்கா நிற்க வேண்டாம்.

இன்னொன்று: டாக்ரோலிமஸ் அளவுக்கு ரத்தம், முந்தைய மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். விழுங்கிவிட்டு ரத்தம் கொடுக்க மேட்டுப்பாளையம் இறங்கினால் அளவு கூடுதலாகத் தெரியும், டோஸைக் குறைத்துவிடுவார்கள், நிராகரிப்பு வரும். மாத்திரையைக் கையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும்.