மறு: ‘பாடி எர்த்’ – புவி இணைப்பா, திரும்புவழியா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய மோட்டார்சைக்கிள்களில் மின்பழுது கண்டுபிடிக்கும் கையேட்டுக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். ‘பாடி எர்த்’, அதாவது கரண்ட் வண்டியின் சட்டகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, என்பதற்கு நேராக ‘புவி இணைப்பு’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் புவி இணைப்பு என்கிறோம், இலங்கையில் புவித்தொடுப்பு என்கிறார்கள். இரண்டும் வீட்டு மின்சாரத்துக்குப் பொருத்தமான சொற்கள். வண்டிக்கு ஒத்துவராது.

வீட்டில் எர்த் வயர் என்பது காவலுக்கு இருப்பது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அதில் மின்னோட்டம் கிடையாது. எங்காவது கசிந்தால்தான் அதற்கு வேலை. வண்டியோ இரண்டு ரப்பர் டயர்மேல் நிற்கிறது, புவியோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் ஸ்விட்ச், பல்பு என்று போய், இரும்புச் சட்டகம் வழியாகப் பேட்டரிக்கே திரும்புகிறது. பல்பு எரியும் ஒவ்வொரு நொடியும் அந்த வழியில் முழு மின்னோட்டமும் ஓடுகிறது. வீட்டு வயரிங் படித்துவிட்டு வரும் பையன் ‘புவி இணைப்பு’ என்று படித்தால், அது இல்லாவிட்டாலும் லைட் எரியும் என்றுதான் நினைப்பான். கடைசியாகத்தான் அதைப் பார்ப்பான். பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

ஒரு புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பிரித்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, புது வண்டிபோல் பூட்டியிருப்பார்கள். லைட் ஸ்விட்சைப் போடவே இல்லை, ஆனால் பிரேக்கை அழுத்தினால் பின்னால் சிவப்பு மங்கலாக எரியும், முன்னால் மீட்டர் பல்பும் லேசாக மினுங்கும். ஸ்விட்ச் போயிருக்கும் என்று ஸ்விட்சை மாற்றுவார்கள். பழுது அங்கே இல்லை. பின் விளக்கின் போல்ட் உட்காரும் இடத்தில் கோட்டிங் இருப்பதால் இரும்போடு இரும்பு சேரவில்லை. திரும்ப வழியில்லாத கரண்ட், அதே பல்புக்குள் டெயில் லைட்டுக்காக இருக்கும் இன்னோர் இழைக்குள் பின்பக்கமாக ஏறி, மீட்டர் பல்பு வழியாகப் போய்ச் சட்டகத்தைப் பிடிக்கிறது. போல்ட்டைக் கழற்றி, அடியில் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து முறுக்கினால் சரியாகிவிடும்.

இதை அளந்தும் பார்க்கலாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றைப் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் வைத்து, பிரேக்கை அழுத்த வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 21 வாட் பிரேக் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும்; அந்த வழியில் ஒரே ஓம் தடை இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். பல்பை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஓம் அளவில் வைத்தால் மீட்டர் அனுப்பும் துளி கரண்ட் வயரில் மிஞ்சியிருக்கும் ஒற்றைக் கம்பியில்கூடப் போய்விடும், வயர் நன்றாக இருப்பதுபோலவே காட்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முன்மடல்களில் வந்த ‘எதிர்முனை இணைப்பு’ நிற்காது. 1960களின் டிரையம்ப், பிஎஸ்ஏ ஆகிய பிரிட்டிஷ் வண்டிகளில் சட்டகத்தோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் நேர்முனை. அவற்றில் சட்டகத்துக்குப் போகும் வயர்தான் சிவப்பு. ‘சட்ட இணைப்பு’ என்றால் வக்கீல் ஞாபகம் வரும். ‘மீள்வழி’ அழகாக இருக்கிறது, ஆனால் ‘மீள்’ என்பது இப்போது ‘மறுபடியும்’ என்ற பொருளில் நிலைத்துவிட்டது.

நான் முன்வைப்பது திரும்புவழி. செய்யும் வேலையையே சொல்கிறது. நேர்முனை, எதிர்முனை எது சட்டகத்தில் இருந்தாலும் பொருந்தும். சட்டகம் வழியாக என்றால் ‘சட்டகத் திரும்புவழி’, தனியாக வயர் இழுத்திருந்தால் ‘திரும்புவழி வயர்’, அதிலுள்ள தடைக்குத் ‘திரும்புவழித் தடை’. “பின் லைட்டுக்குத் திரும்புவழி சரியில்லை” என்று பட்டறையில் சொன்னால் விளக்கம் கேட்கமாட்டார்கள். பேச்சில் ‘எர்த்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் வயர்க்கட்டு உரசி, மின்சாரம் உள்ள வயர் சட்டகத்தைத் தொட்டு பியூஸ் போவதையும் ‘எர்த் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்கிறோம். அங்கே திரும்புவழி நன்றாகவே இருக்கிறது, பல்பைத் தாண்டிக் குறுக்கே போனதுதான் பிரச்சினை. அதற்குச் ‘சட்டகத் தொடுகை’ என்று தனித் தலைச்சொல் வைக்கலாம். மின்சுற்றுப் படங்களிலும் புவிக்கு ஒரு குறியீடு, சட்டகத்துக்கு வேறொரு குறியீடு இருக்கிறது. நம் பட்டியலிலும் புவி இணைப்பு, திரும்புவழி, சட்டகத் தொடுகை என மூன்று பதிவுகளாகப் பிரித்துவிடலாமா? இலங்கை நண்பர்கள், அங்கே கராஜ்களில் இதற்கு வேறு பேச்சுச்சொல் இருந்தால் எழுதுங்கள். அதையும் பக்கத்திலேயே சேர்க்கிறேன்.