4294967297 பகா எண்ணா, இல்லையா? என் இரண்டு நிரல்களும் வேறு வேறு பதில் தருகின்றன

ஒற்றைப்படை:
பகா எண்ணைச் சோதிக்க பைத்தானில் இரண்டு நிரல் எழுதினேன். ஒன்று 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கும். மற்றது பெர்மா சோதனை: 2^(n−1)-ஐ n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கும். 65537 உட்பட பத்துப் பதினைந்து எண்களுக்கு இரண்டும் ஒத்துப்போயின. 4294967297 கொடுத்ததும் முதல் நிரல் 641-ஆல் வகுபடும் என்கிறது, இரண்டாவது பகா எண்ணேதான் என்கிறது. எங்கே பிழை?

மீதி_பூஜ்யம்:
அது 2^32-ஐவிட ஒன்று அதிகம். 32 பிட்டில் அடைத்தால் வெறும் 1 ஆகிவிடும். அதைப் பாருங்கள்.

ஒற்றைப்படை:
பைத்தானில் அந்தத் தொல்லை இல்லையே. 641 × 6700417 என்று தாளிலும் பெருக்கிவிட்டேன், சரியாக வருகிறது.

பழைய_கணக்கு:
நிரல் இரண்டும் சரிதான். வம்பு நீங்கள் எடுத்த 2-இல் இருக்கிறது. n = 2^32 + 1 என்றால் 2^32-இன் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2^64-இன் மீதி 1. இங்கே n−1 என்பதே 2^32, அது 64-இன் மடங்கு. அப்புறம் மீதி 1 வராமல் எங்கே போகும்? பகு எண்ணாக இருந்தாலும் வரும். இதைப் போலிப் பகா எண் என்பார்கள்.

இந்தச் சோதனைக்குப் பெயர் தந்த கணித மேதை பெர்மாவே இந்த வகை எண்கள் (2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகிப் போக, அதோடு 1 கூட்டியவை) எல்லாம் பகா எண்கள் என்று நம்பியவர். 3, 5, 17, 257, 65537 வரை சரியாக இருந்தது. அடுத்தது இதுதான். 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை அதை உடைத்தார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது! உங்கள் முதல் நிரல் அதற்கு நூறு முறைக்கு மேல் வகுத்திருக்கும்.

2-க்குப் பதில் 3 போட்டுப் பாருங்கள்.

மீதி_பூஜ்யம்:
பெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனைக்கு மாறினாலும் 2 மட்டும் வைத்தால் இந்த எண் தப்பித்துவிடும். 3 மட்டும் வைத்த பெர்மா சோதனையையும் முழுசாக நம்ப வேண்டாம், 91 அதில் தேறிவிடும். அது 7 × 13.

ஒற்றைப்படை:
3 போட்டேன். மீதி 3029026160. அப்பாடா, 1 இல்லை. 91-ஐயும் கொடுத்துப் பார்த்தேன், பகா எண் என்று கூசாமல் சொல்கிறது. மில்லர்-ராபினையே எழுதுகிறேன், 2, 3, 5, 7 நான்கையும் வைத்து.